உடல் உரைக்கும் மொழி: மன்னார்க் குளியாளி கற்பிக்கும் பாடம்

நூலாற் பெறும் அறிவு ஒன்று. உடலாற் பெறும் அறிவு மற்றொன்று. முன்னையதைக் கற்பிக்கக் கல்லூரிகளும் நூல்நிலையங்களும் உள. பின்னையதைக் கற்பிப்பதற்குத் தனிப் பள்ளி எதுவும் இல்லை. ஆயினும் பசி, தாகம், களைப்பு, மூச்சுத்திணறல், நெஞ்சுப் படபடப்பு என்னும் பல குரல்களால் உடல் நாள்தோறும் நம்மோடு பேசிக்கொண்டே இருக்கின்றது. அக்குரல்களைச் செவிமடுப்போர் சிலர். செவிமடுத்துப் பொருளை நேரே உணர்வோர் அவரினும் சிலர்.

இப்பொருள்பற்றி இருவகைக் கருத்துகள் நாட்டில் வழங்குகின்றன. உடலின் உள்ளுணர்வு ஒருபோதும் பொய்யாது, அது சொல்வதைச் செய்தாற் போதும் என்பர் ஒருசாரார். அளவுகோலும் கருவியும் காட்டுவனவே உண்மை, உள்ளுணர்வு வெறும் மயக்கம் என்பர் மற்றொருசாரார். இவ்விரு கட்சியாரும் உண்மையின் ஒவ்வொரு பாதியையே பற்றி நிற்கின்றனர் என்பது எமது துணிபு. உடல் எங்கே மெய் சொல்கின்றது, எங்கே அதன் வாய் அடைக்கப்படுகின்றது, எங்கே அது பேசவே அறியாது நிற்கின்றது என்னும் மூன்றையும் பிரித்தறிதலே உண்மையான கேள்வி. இதனை விளக்குவதற்கு நம் நாட்டிலேயே தக்கதோர் எடுத்துக்காட்டு உண்டு. அஃது மன்னார்க் கடலில் மூச்சடக்கி மூழ்கி முத்துச்சிப்பி எடுத்த குளியாளியின் வாழ்வு.

முத்துப்பாரும் குளியாளியும்

மன்னார்த் தீவுக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி எனத் தொடரும் கரைக்கு மேற்கே, ஆழங்குறைந்த கடலடியில் முத்துப்பார்கள் கிடக்கின்றன. பெரியபார், செவல்பார், மோதரகம்பார் என்பன அவற்றுட் சில. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல்வழி சென்ற வெனிசு நகரத்து மார்க்கோ போலோ இங்குள்ள முத்துக்குளிப்பையும், சுறாவைக் கட்டுதற்கு மந்திரம் ஓதுவோரையும் குறித்து எழுதியுள்ளார். அம்மந்திரகாரரை நம் மக்கள் கடல்கட்டி என்றனர். பிரித்தானிய ஆட்சியின் முதல் ஆண்டுகளில் தேசாதிபதி நோர்த் அரிப்பிற் கட்டிய மாளிகையின் இடிபாடு, அலையால் அரிக்கப்பட்டு வரும் கரையில், அக்காலச் சலாபத்தின் பெருமையை நினைவூட்டுகின்றது.

சலாபம் ஆண்டுதோறும் நிகழ்ந்ததன்று. சிப்பி விளைந்திருப்பது சோதனையாற் கண்டபின்னரே நடைபெற்றது. 1891 இன் பின் பல ஆண்டுகள் குளிப்பு நிகழாமையால், அதன் காரணத்தை ஆராயும் பொருட்டு உயிரியலறிஞர் ஏட்மன் 1902 இல் இங்கு வந்தார். 1903 இல் குளிப்பு மீண்டும் தொடங்கிற்று. 1905 ஆம் ஆண்டுச் சலாபத்தில் ஏறக்குறைய 5000 குளியாளிகள் கூடி, எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளை எடுத்தனர். கீழக்கரை, தூத்துக்குடி முதலிய ஊர்களிலிருந்தும், யாழ்ப்பாணத்திலிருந்தும், பாரசீகக் குடாவின் அரபுக் கரைகளிலிருந்தும் அவர்கள் வந்தனர். 1906 இற் பார்கள் ஒரு குழுமத்துக்குக் குத்தகையாக விடப்பட்டன; அடுத்த ஆண்டோடு அப்பெருஞ் சலாபங்களின் காலம் முடிவுற்றது.

குளிக்கும் முறை எளியது. ஏறக்குறைய 40 இறாத்தல் நிறையுள்ள கல் ஒன்று கயிற்றிற் கட்டப்பட்டிருக்கும். குளியாளி அக்கயிற்றின் வளையத்திற் காலை வைத்து, மூச்சை உள்ளிழுத்து, கல்லோடு விரைந்து இறங்குவான். ஐந்து முதல் பத்துப் பாக ஆழத்திற் கடலடியை அடைந்ததும் கல்லை விடுத்து, கைக்கெட்டிய சிப்பிகளைக் கூடையில் இடுவான். பின்பு கயிற்றை இழுத்து அடையாளங் காட்ட, தோணியில் நிற்பவன் கூடையை மேலே இழுப்பான். ஒரு கல்லுக்கு இருவர் எனக் குளியாளிகள் மாறி மாறி இறங்கினர். ஒருவன் நீருள் இருக்க மற்றவன் இளைப்பாறுவான். நான்கைந்து நிமிடம் மூழ்கியிருந்தார் என்று முற்காலப் பயணியர் சிலர் எழுதினராயினும், வழக்கமான முழுக்கு ஒரு நிமிட அளவினதே.

அந்த ஒரு நிமிடத்துள் குளியாளிக்குக் கடிகாரமும் இல்லை, அளவுகருவியும் இல்லை. எப்பொழுது கயிற்றை இழுக்க வேண்டும் என்பதை அவனுக்கு அறிவித்தது அவனது உடல் ஒன்றே.

மூச்சுவிடச் சொல்லும் மணி

மூச்சை அடக்கியிருக்கும் ஒருவனுக்குச் சிறிது நேரத்தில் மூச்சுவிட வேண்டும் என்னும் தாங்கொணா வேட்கை எழுகின்றது. இன்னும் அடக்கினால் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள பிரிமென்றகடு தானாகவே துடிக்கத் தொடங்கும். ஒட்சிசன் தீர்ந்துபோவதாலேயே இவ்வேட்கை எழுகின்றது எனப் பலர் கருதுவர். அக்கருத்து இயல்பானதே, ஆயினும் அது பெரும்பாலும் பிழையானது.

மன்னாரிற் பெருஞ் சலாபம் நிகழ்ந்த அதே 1905 ஆம் ஆண்டில், ஒட்சுபோட்டுப் பல்கலைக்கழகத்தில் யோன் சுகொட் ஆல்டேன், பிறீசுற்றிலி என்னும் இருவர் சுவாசம் பற்றிய தம் ஆராய்ச்சியை வெளியிட்டனர். நாம் விடும் மூச்சின் அளவை ஆள்வது, நுரையீரலிலும் குருதியிலும் உள்ள காபனீரொட்சைட்டே என அவர்கள் நிறுவினர். நுரையீரற் சிற்றறைகளில் அவ்வாயுவின் அமுக்கம் ஒரு வளிமண்டலத்தின் நூற்றில் 0.2 பங்கு மட்டும் உயர்ந்தாலும், இளைப்பாறியிருப்பவனின் சுவாசம் இருமடங்காகும் எனக் கண்டனர். இத்துணை நுண்ணிய தராசு மனிதன் செய்த கருவிகளுள் அரிது.

ஒட்சிசனை உணரும் உறுப்பும் உடலில் இல்லாமல் இல்லை. கழுத்து நாடியருகில் உள்ள சிறு கணுக்கள் அதனை உணர்கின்றன. இதனை ஆராய்ந்த பெல்சிய நாட்டு ஏமான்சு 1938 ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசு பெற்றார். ஆயினும் குருதியில் ஒட்சிசன் வெகுவாகக் குறைந்த பின்னரே அவ்வுறுப்பு உரத்துக் குரல் கொடுக்கும். அக்குரலும் காபனீரொட்சைட்டின் குரல் இல்லாதவிடத்து வலுவற்றதாகும்.

ஆகவே குளியாளியை மேலே வரச்சொன்ன மணி, ஒட்சிசன் குறைவைக் கண்டு ஒலித்ததன்று. காபனீரொட்சைட்டின் மிகுதியைக் கண்டு ஒலித்தது. சாதாரண நிலையில் இரண்டும் ஒருங்கே நிகழ்வதால், ஒன்றைக் காட்டும் மணி மற்றொன்றுக்கும் போதுமானது. வீட்டிற் புகையைக் கண்டு தீயை அறிவதுபோல்வது இது. புகையை மட்டும் அகற்றிவிட்டாற் தீயை எவ்வாறு அறிவது? இங்கேதான் ஆபத்து மறைந்திருக்கின்றது.

மணியின் நாவைக் கட்டுதல்

நீரில் மூழ்குமுன் பலமுறை விரைந்தும் ஆழ்ந்தும் மூச்சிழுத்து விட்டால் நெடுநேரம் மூழ்கியிருக்கலாம் என்பது இளைஞர் பலரும் அறிந்த உபாயம். அது பலிப்பதும் உண்மையே. ஆயின் அதனால் உடலில் ஒட்சிசன் பெருகுகின்றது என எண்ணுவது தவறு. நலமுள்ள ஒருவனின் நாடிக்குருதியில் உள்ள செங்குருதிநிறம் எப்பொழுதும் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் ஒட்சிசன் ஏற்றே இருக்கின்றது. மிகைமூச்சு அதிற் சேர்ப்பது அற்பம். அது செய்வதெல்லாம் காபனீரொட்சைட்டை வெளியேற்றுவதே. சேமிப்புப் பெருகவில்லை, காவற்காரன் மட்டும் அனுப்பப்பட்டுவிட்டான்.

இதன் விளைவு யாது? மூழ்கியவனுக்கு மூச்சு வேட்கை எழ நெடுநேரம் செல்கின்றது. அது எழுமுன்னரே ஒட்சிசன் மூளைக்குப் போதாத அளவுக்கு இறங்கிவிடுகின்றது. அவன் துன்பமின்றி, அச்சமின்றி, அமைதியாகவே உணர்விழக்கின்றான். அமெரிக்க உடற்றொழிலியலறிஞர் ஆல்பெட் கிறெய்க் 1961 இல், நீருள் இவ்வாறு உணர்விழந்தோர் பற்றிய செய்திகளைத் தொகுத்து ஆராய்ந்தார். பிழைத்தோர் பலர் முன்னதாக மிகைமூச்சு விட்டிருந்தனர் என்பதும், உணர்விழக்குமுன் பெரிய எச்சரிக்கை எதையும் உணர்ந்திலர் என்பதும் அவர் கண்டவை.

ஆழத்திலிருந்து மேலேறும்போது இவ்வாபத்து இரட்டிக்கும். ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் நீரின் அமுக்கம் ஒரு வளிமண்டலம் கூடுகின்றது. அடியில் இருக்கையில் அவ்வமுக்கமே நுரையீரலில் எஞ்சிய ஒட்சிசனைக் குருதியுள் செலுத்துகின்றது. அதனால் அவன் தெம்பாக உணர்கின்றான். மேலேறும்போது அமுக்கம் குறைய, ஒட்சிசனின் அமுக்கமும் உடன் வீழ்கின்றது. கரை கண்டவன் துறையில் மூழ்குவதுபோல, வெளிச்சத்தைக் கண்ணாற் கண்ட பின்னரே பலர் உணர்விழந்தனர்.

ஒட்சிசன் குறைவை உடல் உரைப்பதில்லை என்பதற்கு வானத்திலிருந்தும் ஒரு சான்று உண்டு. 1875 ஏப்பிரல் 15 இற் பிரெஞ்சு நாட்டில் ‘செனித்’ என்னும் வாயுக்கூண்டில் மூவர் உயரப் பறந்தனர். ஒட்சிசன் கலந்த வாயு நிரப்பிய பைகள் அவர்கள் கைக்கெட்டும் தூரத்திலே இருந்தன. குரோசே இசுப்பினெல்லி, சிவேல் என்னும் இருவரும் மாண்டனர்; உயிர்தப்பிய திசாந்தியே, அவ்வுயரத்திற் துன்பம் எதுவும் தோன்றாது ஓர் உவகையே தோன்றிற்று எனவும், கையை உயர்த்தவும் இயலாது போயிற்று எனவும் பின்னர் எழுதினார். உயிர் போகும் வேளையில் உவகை தோன்றுமாயின், உணர்வை மட்டும் நம்பியிருத்தல் தகுமா என்பதை வாசகரே சிந்திப்பாராக.

செவி தரும் எச்சரிக்கை

மணி மெய்யாகவே ஒலிக்கும் இடங்களும் உள. அவற்றுள் முதன்மையானது செவி. நீருள் இறங்குவோனுக்கு முதல் இரண்டு மூன்று மீற்றரிலேயே செவியில் இறுக்கமும் நோவும் தோன்றும். வெளியே நீரின் அமுக்கம் கூட, நடுச்செவியில் உள்ள காற்று ஒடுங்குவதால் செவிப்பறை உள்நோக்கி வளைவதே இதற்குக் காரணம். தொண்டைக்கும் நடுச்செவிக்கும் இடையேயுள்ள குழாய் வழியாகக் காற்றைச் செலுத்தினால் நோவு நீங்கும். மூக்கைப் பொத்தி மெல்ல ஊதும் இம்முறை, இத்தாலிய மருத்துவர் வல்சால்வாவின் பெயரால் வழங்குகின்றது. செவி பற்றிய அவரது நூல் 1704 இல் வெளிவந்தது. தமிழ்க் குளியாளிகள் இறங்கும்போது விரலால் மூக்கைப் பொத்தினர். அரபுக் குளியாளிகள் கொம்பாற் செய்த கவ்வியை மூக்கில் மாட்டினர்.

செவிநோவு காலந்தாழ்த்தாது, காரணத்தோடு ஒட்டி, திருத்தியவுடன் நீங்குவது. ஆகையாற் கற்றற்கு எளிது. தடிமன் பிடித்தவனுக்குக் குழாய் அடைபட்டிருக்கும், நோவும் நீங்காது. அப்போது இறங்காதிருத்தலே அறிவு. அந்நோவைப் பல்லைக் கடித்துப் பொறுத்து இறங்குபவன் செவிப்பறையைக் கிழித்துக்கொள்வான். குளிர்நீர் உட்புக, தலைசுற்றி மேலெது கீழெது எனத் தெரியாது தடுமாறுவான். நோவைப் பொறுத்தல் எல்லாவிடத்தும் வீரமாகாது.

உடலின் மற்றொரு செயலும் அறியத்தக்கது. முகம் நீரில் அமிழ்ந்து மூச்சு நின்றதும் இதயத்துடிப்புத் தானாகவே தளர்கின்றது. கைகால்களுக்குச் செல்லும் குருதி சுருங்கி, மூளைக்கும் இதயத்துக்கும் முதலிடம் கிடைக்கின்றது. சீல் முதலிய கடல்விலங்குகளிற் காணப்பட்ட இவ்வியல்பை, நோர்வே நாட்டிற் கற்ற சோலாந்தரும் துணைவரும் ஆத்திரேலியாவின் தொரசு நீரிணையில் முத்துக்குளிப்போரிடமும் அளந்து 1962 இல் வெளியிட்டனர். உடல் பேசுவது மட்டுமன்று. நாம் கேளாமலே பல காரியங்களைச் செய்தும் வருகின்றது என்பதற்கு இது சான்று.

உடல் ஊமையாகும் இடம்

இனி, உடல் பேசவே அறியாத இடத்தைக் காண்போம். இதுவே இக்கட்டுரையின் மிக இன்றியமையாத பகுதி.

முத்துச் சலாபம் மறைந்தபோதிலும், மன்னாரிலும் வடபகுதிக் கரைகளிலும் சங்கும் கடலட்டையும் எடுக்க மூழ்குவோர் இன்றும் உளர். அவர்களுட் பலர் முதுகிற் காற்றுக் கொள்கலம் சுமந்து மூழ்குகின்றனர். மூச்சடக்க வேண்டாமையால் மூச்சு வேட்கை என்னும் பழைய மணி அவர்களுக்கு ஒலிப்பதில்லை. ஆனாற் புதிய பகை ஒன்று சேர்ந்துள்ளது; அது நைதரசன். ஆழத்தில் அமுக்கத்தோடு சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன், நேரஞ் செல்லச் செல்லக் குருதியிலும் இழையங்களிலும் கரைந்து சேர்கின்றது. விரைந்து மேலேறினால், சோடாப் போத்தலைத் திறந்ததும் குமிழி பொங்குவதுபோல அது உடலினுள் குமிழிகளாகப் பிரிகின்றது. மூட்டுநோவு, தோலரிப்பு, கால் மரத்தல், சிறுநீர் அடைபடல், முடம், சிலவேளை மரணம் ஆகியன இதன் விளைவுகள்.

ஆழத்தில் இருக்கும்போது நைதரசன் சேர்வதை அறிவிக்கும் நரம்பு உடலில் எதுவும் இல்லை. நோவு தோன்றுவதோ கரையேறிய பின்னர். சில நிமிடத்திலும் தோன்றலாம், பல மணி கழித்தும் தோன்றலாம். அதனாற் பாரந் தூக்கிய உழைப்பின் நோவு எனக் கருதி எண்ணெய் தேய்த்து உறங்குவாரும் உளர். எத்தனை ஆண்டு அனுபவம் இருப்பினும் இவ்விடத்திற் கணக்கின்றி வழியில்லை. முன்னே கூறிய ஆல்டேனே பொய்கொற்று, தமன் என்போருடன் 1908 இல், எவ்வாழத்தில் எவ்வளவு நேரம் இருந்தவன் எங்கெங்கே நின்று ஏறவேண்டும் என்னும் அட்டவணைகளை வெளியிட்டார். இன்றைய அட்டவணைகளும் மூழ்குவோர் கையிற் கட்டும் கணிகருவிகளும் அதன் வழிவந்தவையே.

மூச்சடக்கி மூழ்குவோரும் இதற்கு முற்றும் புறம்பானவரல்லர். பசிபிக்குக் கடலின் துவாமோத்துத் தீவுகளில், 30 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்துக்குச் சிறிதே இளைப்பாறி மீண்டும் மீண்டும் இறங்கிய முத்துக்குளிப்போர் சிலர் தலைசுற்றும் முடமும் உற்றனர். அந்நோயை அவர்கள் ‘தரவானா’ என்றனர். முழுக்குக்கும் முழுக்குக்கும் இடையே நீண்ட நேரம் இளைப்பாறிய மங்கரேவாத் தீவினர் அந்நோயை அறியார். இவ்வேறுபாடு 1965 இல் அறிஞர் கவனத்துக்கு வந்தது. மன்னாரில் ஆழம் குறைவு. அன்றியும் ஒரு கல்லுக்கு இருவர் என்னும் வழக்கம் ஒவ்வொருவனுக்கும் ஓய்வு அளித்தது. அவ்வழக்கம் வாயுக்கணக்கு அறிந்து வகுக்கப்பட்டதன்று. எனினும், உடல் உரையாததை வழக்கம் உரைத்து நின்றது.

மூழ்கிய நாளில் மூட்டுநோவோ மரப்போ தோன்றினால் அதனை வேறு காரணத்தால் வந்ததெனத் தள்ளலாகாது. உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்; மூழ்கிய செய்தியை வைத்தியருக்கு முதலிலே கூறல் வேண்டும். ஒட்சிசன் கொடுத்தலும், அமுக்க அறையில் வைத்து மெல்ல அமுக்கங் குறைத்தலுமே இதற்கான மருத்துவம். நோவு தீரும் என்று மீண்டும் கடலில் மூழ்குவது கேட்டின்மேற் கேடு.

உள்ளுணர்வை நம்பலாவது எப்போது?

இதுகாறும் கூறியவற்றால் உடற் குறிகள் மூவகை எனத் தெளியலாம். முதலாவது, காலத்தோடு மெய்யுரைக்கும் குறி, செவிநோவு போல்வது. இரண்டாவது, இயல்பில் மெய்யுரைப்பினும் நம் செயலால் வாயடைக்கப்படும் குறி. மூச்சு வேட்கை போல்வது. மூன்றாவது, குறியே இல்லாத, அல்லது காலங்கடந்து வரும் ஆபத்து, நைதரசன் போல்வது.

இப்பாகுபாடு கடலுக்கு மட்டும் உரியதன்று. உள்ளுணர்வு பற்றி எதிரெதிர்க் கொள்கை உடையவராய் இருந்த உளவியலறிஞர் டானியல் கானெமன், கேரி கிளைன் என்னும் இருவரும் 2009 இல் ஒருங்கிருந்து ஆராய்ந்து ஓர் உடன்பாட்டை வெளியிட்டனர். ஒருவனது உள்ளுணர்வை நம்புதற்கு இரண்டு வேண்டும்: அவன் தொழில் புரியும் சூழலில் ஒழுங்கான குறிகள் இருத்தல் வேண்டும், அக்குறிகளைக் கற்றுக்கொள்ளத்தக்க பயிற்சியும், செய்தது சரியா பிழையா என்னும் விடையும் அவனுக்குக் கிடைத்தல் வேண்டும். ஒருவன் எவ்வளவு உறுதியாக உணர்கின்றான் என்பது சான்றாகாது. குளியாளிக்குச் செவியும் மூச்சும் ஒவ்வொரு முழுக்கிலும் விடை கூறின. ஆகவே அவற்றிற் தேர்ச்சி பெற்றான். நைதரசன் அவ்வாறு விடை கூறுவதன்று. ஆகவே அதில் எவரும் உள்ளுணர்வாற் தேர்ச்சி பெறுதல் இயலாது.

உட்குறிகளை உணரும் ஆற்றல் எல்லார்க்கும் ஒரே அளவினதன்று. செருமானிய அறிஞர் சாந்திரி 1981 இல், நாடியைத் தொடாமலே தன் இதயத்துடிப்பை எண்ணச் செய்து, உண்மை எண்ணிக்கையோடு ஒப்பிடும் முறையைக் கையாண்டார். இதனை மாணவர் இருவர் சேர்ந்து செய்து பார்க்கலாம். ஒருவர் அமைதியாக அமர்ந்து அரை நிமிடம் தம் துடிப்பை உணர்வால் எண்ணுக. மற்றவர் அதே நேரம் அவரது மணிக்கட்டு நாடியை எண்ணுக. இரண்டையும் ஒப்பிடுக. தம் நாடி நிமிடத்துக்கு ஏறக்குறைய 70 என முன்னரே அறிந்தவர் உணராமலே சரியாக ஊகித்தலும் கூடும் என்பதையும் நினைவில் வைக்க.

குறியை உணர்தல் ஒன்று. அதற்குப் பொருள் கூறல் மற்றொன்று. பரீட்சை மண்டப வாயிலில் நெஞ்சு படபடக்கின்றது. ஒருவன் அதனை, எல்லாம் மறந்துவிட்டது என்பதன் அடையாளமாகக் கொண்டு நடுங்குகின்றான். மற்றொருவன், வேலைக்கு உடல் ஆயத்தமாகின்றது எனக் கொண்டு அமைகின்றான். படபடப்பு இருவர்க்கும் ஒன்றே. ஓட்டப்பந்தயக் கோட்டில் நிற்பவனுக்கும் அதே படபடப்பு உண்டல்லவா? மூச்சை மெல்ல நீட்டி வெளிவிட்டால் அது சற்றுத் தணியும். உடல் ‘ஏதோ நிகழவிருக்கின்றது’ என்று மட்டுமே சொல்கின்றது. அஃது யாதென்று கூறுவது அறிவின் பணி.

நிலத்தில் வாழ்வோர்க்குச் சில குறிப்புகள்

கடலிற் கால்வையாத வாசகர்க்கும் இப்பாடம் பயன்படும். மன்னார் போன்ற வெப்பமும் வறட்சியும் மிக்க பகுதியில் வெயிலில் உழைப்பவனுக்குத் தாகம் ஒரு மணி. ஆயினும் வயது ஏற ஏறத் தாகவுணர்வு மங்குகின்றது. இளமையில் நம்பத்தக்கதாய் இருந்த மணி முதுமையில் தாழ்ந்து ஒலிக்கின்றது. ஆகையாற் பழைய மாணவருள் முதியோர், தாகம் எடுக்கட்டும் எனக் காத்திராது நேரம் வகுத்து நீர் அருந்துதல் நலம். நீரின் அளவை வைத்தியர் கட்டுப்படுத்தியிருப்பின் அவர் சொற்படி நடத்தல் வேண்டும்.

மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிளக்கும் நோவு தோன்றும் என எண்ணுகின்றோம். நெடுங்காலம் நீரிழிவு உடையோருக்கு நரம்பு பழுதுற்றிருப்பதால் அந்நோவு தோன்றாமலும் போகலாம். காரணமின்றி வந்த வியர்வை, மூச்சுமுட்டு, பெருங்களைப்பு, தாடையிலோ இடக்கையிலோ மேல்வயிற்றிலோ ஒரு சங்கடம் என்பனவே குறியாகலாம். குருதியமுக்கமோ பெரும்பாலும் எக்குறியும் காட்டாதே உயர்ந்து நிற்பது. தலையிடி இல்லை, ஆகவே அமுக்கம் இல்லை எனத் தாமே முடிவுகட்டி மருந்தை நிறுத்துவோர், மூன்றாம் வகை ஆபத்தை முதலாம் வகை எனக் கருதுவோராவர்.

இளைஞருக்கு ஒன்று கூறல் வேண்டும். கிணற்றிலோ குளத்திலோ நீச்சற்றடாகத்திலோ, யார் நெடுநேரம் மூழ்கியிருப்பார் எனப் போட்டியிடுதல் வேண்டாம். மூழ்குமுன் மிகைமூச்சு விடுதல் ஒருபோதும் வேண்டாம். தனியே மூழ்காது, கண்வையாமற் பார்த்திருக்கும் ஒருவரைக் கரையில் நிறுத்துக. தோணியிற் கயிறு பிடித்து நின்றவன் வெறுங் கூலியாளன் அல்லன். குளியாளியின் உடல் ஊமையானபோது அவனுக்காக உணர்ந்தவன் அவனே.

உடலைச் செவிமடுக்கப் பயில விரும்புவோர் எளியதொரு வழியைக் கையாளலாம். காய்ச்சல் எனத் தோன்றினால் முதலில் எவ்வளவு என ஊகித்து, பின் வெப்பமானியால் அளந்து பார்க்க. ஏறி இளைத்தபோது நாடி எத்தனை என ஊகித்துப் பின் எண்ணுக. ஊகத்தையும் அளவையும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வைக்க. சில திங்களில், தம் உடல் எதில் மெய் சொல்கின்றது, எதில் மிகைப்படுத்துகின்றது, எதில் வாய் திறவாது என்பது தெளிவாகும். ஊகமும் அளவையும் ஒன்றையொன்று திருத்த வளர்வதே பயின்ற உள்ளுணர்வு.

தென்கொரியாவின் சேசுத் தீவில், கருவியின்றிக் கடலில் மூழ்கி வாழும் பெண்கள் இன்றும் உளர். அவர்கள் மரபை 2016 இல் உலகப் பண்பாட்டு மரபாக யுனெசுக்கோ ஏற்றது. இன்னும் ஒரு சிப்பி என்னும் பேராசையே கடலில் உயிர்போக்கும் என்பது அவர்கள் இளையோருக்கு ஊட்டும் பாடம். மூச்சுவிடச் சொல்லும் மணி ஒலிக்கையில் கை மற்றொரு சிப்பியை நாடுமானால், கேளாமை செவியின் குறையன்று, ஆசையின் மிகுதி.

தன்னை அறிதல் கல்வியின் முடிந்த பயன் என நம் முன்னோர் வற்புறுத்தினர். அவ்வறிவின் முதற்படி தன் உடலை அறிதல். அதன் குரலைப் பணிவோடு கேட்டு, ஐயமுற்றவிடத்து அளந்து, அது பேசாதவிடத்து நூலையும் வழக்கத்தையும் துணைக்கொள்வோர் நெடிது வாழ்வர். இக்கல்லூரியின் மாணவரும் ஆசிரியரும் பழைய மாணவரும் அத்தகைய நல்வாழ்வு பெற்று அடுத்த விழாவிலும் ஒருங்கு கூடுவாராக.